புண்ணாற்றும் புத்தகங்கள்

இலக்கியம் என்றவுடன் தொகை நூல்களையும் காப்பியங்களையும் நினைக்கப் பழகிய தமிழ் மாணவராகிய நமக்குச் சிறுவர் கதை நூல்கள் இலக்கியமாகத் தோன்றுதல் அரிது. குழந்தை அழாதிருத்தற்பொருட்டுக் காட்டும் கிலுகிலுப்பையினும் அவை சிறந்தன அல்ல என்பதே பலரது எண்ணம். யாமும் அண்மைக்காலம் வரை அவ்வாறே எண்ணியிருந்தோம். பிற நாட்டுச் சிறுவர் நூல்கள் சிலவற்றைக் கற்கும் வாய்ப்பு நேர்ந்தபின் அவ்வெண்ணம் எம்மைவிட்டு அகன்றது. அன்பு செலுத்துதல், தம்மின் வேறுபட்டாரை ஏற்றுக்கோடல், உள்ளப்புண் ஆறுதல் என்னும் மூன்றனையும் அந்நூல்கள் கற்பிக்கும் முறையை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

முதற்கண் ஓர் அம்மையாரின் வரலாற்றைக் கூறுதல் பொருத்தமாகும். ஜெல்லா லெப்மன் என்பார் 1891-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு ஸ்டுட்கார்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தவர்; பத்திரிகைத் தொழிலில் ஈடுபட்டவர். கணவர் 1922-இல் இறந்தபின் இரு மக்களையும் தனியே வளர்த்தார். ஹிட்லரது ஆட்சியில் யூதர் நிம்மதியாக வாழ இயலாது போகவே, தாய்நாட்டை விட்டு நீங்கி இங்கிலாந்து புகுந்தார். 1945-இல் போர் முடிந்ததும், ஜெர்மன் மகளிர்க்கும் இளைஞர்க்கும் உரிய நலங்களைப் பற்றி ஆலோசனை கூறுமாறு அமெரிக்கப் படையினர் அவரை அழைத்தனர். தம்மைத் துரத்திய நாட்டிற்குத் திரும்ப எவருள்ளம் எளிதில் இசையும்? குழந்தைகளை முன்னிட்டே அவர் இசைந்தார்.

ஆங்கு அவர் கண்டது இடிந்த வீடுகளும் அவற்றினிடையே திரியும் சிறுவருமே. பன்னிரண்டு ஆண்டுகள் பகைமையையே பாடமாகக் கேட்டு வளர்ந்தவர் அச்சிறுவர். அவர்கள் உள்ளத்தை மாற்றுதற்கு அம்மையார் தேர்ந்த கருவி யாது எனின், பிற நாட்டுக் குழந்தைகள் படிக்கும் கதைநூல்களே. கையிற் பணமில்லை. எனவே 20 நாடுகளுக்குக் கடிதம் எழுதி, தத்தம் சிறந்த சிறுவர் நூல்களைக் கொடையாக அனுப்புமாறு வேண்டினார். பெல்ஜிய நாடு முதலில் மறுத்தது. இரு பெரும் போர்களிலும் ஜெர்மன் படையால் மிதியுண்ட நாடு மறுத்ததில் வியப்பில்லை. அம்மையார் சினவாது மீண்டும் எழுதினார். மூன்றாவது படையெடுப்பு நேராதிருக்க வேண்டின், ஜெர்மன் சிறுவர் புதுவழியிற் செல்லத் துணைபுரிதலே தக்கது என்பது அம்மடலின் கருத்து. பெல்ஜியம் மனமிரங்கிச் சிறந்த நூல்களை அனுப்பியது.

அங்ஙனம் வந்த நூல்களின் கண்காட்சி 1946-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் நாள் மியூனிக் நகரில் திறக்கப்பெற்றது. அதற்கு வாய்த்த இடம் யாதென்று அறியின் வியப்பு மிகும். தன் கொள்கைக்கு இசைந்த ஓவியங்களைக் காட்டுதற்கென ஹிட்லர் எழுப்பிய பெரு மாளிகையே அது! பின்னர் 1949-இல் அந்நகரிலேயே உலகச் சிறுவர் நூலகம் ஒன்றை அம்மையார் நிறுவினார். 1953-இல் சிறுவர் நூல்களுக்கான அனைத்துநாட்டுக் கழகம் சூரிச் நகரில் தோன்றுதற்கும் அவரே காரணராயினார்.

நிற்க. அம்மையார் பெரிதும் போற்றிய நூல் ஒன்றனை இனி நோக்குவாம். மன்ரோ லீஃப் எழுத, இராபர்ட் லாசன் படம் வரைய, 1936-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஃபெர்டினாண்ட்’ என்னும் காளையின் கதையே அது. ஏனைக் காளைகளெல்லாம் முட்டி மோதி விளையாட, ஃபெர்டினாண்ட் மட்டும் ஒரு மரநிழலில் அமர்ந்து மலர்களை முகர்ந்திருக்கும். ஒருநாள் தேனீ கொட்டவே துள்ளிக் குதித்தது. அதனைக் கண்டோர், போர்க்கேற்ற மறக்காளை இதுவென மயங்கி மாட்ரிட் நகரத்து அரங்கிற்குக் கொண்டு சென்றனர். அரங்கினுள்ளும் அது போர் செய்யவில்லை. பெண்டிர் கூந்தலிற் சூடிய மலர்களின் மணத்தை நுகர்ந்து வாளா அமர்ந்துவிட்டது. வேறு வழியின்றி அதனைப் பழைய மரநிழலுக்கே மீட்டனுப்பினர்.

இச்சிறு கதை ஃபிராங்கோவின் ஸ்பெயினில் தடை செய்யப்பட்டது. ஹிட்லரது ஜெர்மனியிலும் விலக்கப்பட்டது. ஒரு காளை சண்டையிட மறுத்தமை இரு வல்லாட்சியாளர்க்கும் பொறுக்கவில்லை போலும்! லெப்மன் அம்மையார் இதனைத் தாமே ஜெர்மன் மொழியிற் பெயர்த்து, செய்தித்தாள் அச்சிடும் எளிய தாளில் 30,000 படிகள் அச்சிடுவித்து, கண்காட்சி பெர்லினுக்குச் சென்ற காலத்து அந்நகரச் சிறுவர்க்கு வழங்கினார்.

இக்கதையிற் பலர் காணாது விடும் பாத்திரம் ஒன்றுண்டு. அது தாய்ப்பசு. தன் கன்று தனித்திருத்தல் கண்டு அது முதலிற் கவலை கொள்கின்றது. தனித்திருப்பினும் கன்று வருந்தவில்லை என்பதை உணர்ந்தபின், அதனை அதன் போக்கிலே விட்டுவிடுகின்றது. தான் விரும்பும் வடிவில் பிள்ளையை வார்க்க முயலாது, பிள்ளை உள்ளவாறே அதனை நேசித்தல் அன்பின் முதிர்ந்த நிலையன்றோ? இதனை விளக்க அறிஞர் பலர் நெடிய நூல்கள் எழுதுவர். கதாசிரியரோ நாலைந்து வரிகளில் முடித்துவிட்டார்.

இனி, ஏற்றுக்கோடல் என்னும் இரண்டாவதற்கு வருவாம். எலினார் எஸ்டிஸ் என்னும் அமெரிக்க ஆசிரியை 1944-இல் ‘நூறு ஆடைகள்’ என்னும் நூலை வெளியிட்டார். வாண்டா பெட்ரோன்ஸ்கி என்பவள் போலந்து நாட்டிலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பத்துச் சிறுமி. அவள் பெயர் பிறர் நாவிற்குப் பழக்கமற்றது. நாள்தோறும் உடுப்பது சாயம்போன ஒரே நீலவாடை. தன் வீட்டில் நூறு ஆடைகள் உள்ளன என்று அவள் ஒருநாள் கூறிவிட, பெக்கி என்பாள் அதனையே நாளும் கேட்டுக் கேட்டு எள்ளுகின்றாள். பெக்கியின் தோழி மாடி எள்ளுவதில்லை, தடுப்பதுமில்லை. தானும் ஏழையாதலின், தடுத்தால் எள்ளல் தன்மேல் திரும்பும் என அஞ்சி நிற்கின்றாள். முடிவில் வாண்டாவின் தந்தை குடும்பத்தோடு ஊரைவிட்டே பெயர்கின்றார். அதன்பின்னரே, அந்நூறு ஆடைகளும் அவள் தன் கையால் வரைந்த அழகிய ஓவியங்கள் என்பதை வகுப்பார் அறிகின்றனர்.

இந்நூலாசிரியை தம் பள்ளிப்பருவத்தில் இங்ஙனம் எள்ளப்பட்ட தோழி ஒருத்திக்குத் தாம் துணைநில்லாது போனமைக்கு வருந்தியே இதனை எழுதினார் என்பர். கதையின் உயிர்நிலை பெக்கியிடத்தில்லை, மாடியினிடத்தேதான் உள்ளது என்பது எம் துணிபு. என்னை? கொடியவர் உலகிற் சிலரே, வாளாவிருப்பவரே பலர்.

ஈண்டு எம் குற்றமொன்றனையும் மறையாது கூறவேண்டும். தொடக்கப் பள்ளியில் எம்மோடு பயின்ற மாணவன் ஒருவன் திக்கித் திக்கிப் பேசுவான். ஆசிரியர் வகுப்பிற்கு வருமுன் சிலர் அவனைப் போலவே பேசிக் காட்டி நகைப்பர். யாம் நகைத்ததில்லை, தடுத்ததுமில்லை. ஆண்டின் இடையிலே அவன் பள்ளிக்கு வருதலை நிறுத்திவிட்டான். காரணம் யாதென எவரும் வினவிலர். யாமும் வினவிலோம். பத்தாண்டுகட்குப் பின் மாடியின் கதையைப் படித்த அன்றிரவு, அவன் அமர்ந்திருந்த பலகையின் ஓரம் எம் கண்முன் வந்து நின்றது. பத்து வயதில் இந்நூல் எம் கைக்கு எட்டியிருப்பின் ஒரு சொல்லேனும் பேசியிருப்போமோ என இன்றும் எண்ணுகின்றோம்.

ஏற்றுக்கோடலுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. தன்னைப் போன்றாரை நூலிற் காணாத குழந்தை தன்னைத்தானே ஏற்றுக்கொள்வது எங்ஙனம்? நான்சி லாரிக் என்பார் 1965-இல் அமெரிக்கச் சிறுவர் நூல்களை ஆராய்ந்து எழுதினார். அதற்கு முந்தைய மூன்றாண்டுகளில் வெளிவந்த 5,206 நூல்களில், கறுப்பினத்தார் ஒருவரேனும் இடம்பெற்றவை 349 மட்டுமே என்று அவர் காட்டினார். அக்காலத்து அரிதாய்த் தோன்றிய நூல்களுள் ஒன்று எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1962-இல் ஆக்கிய ‘பனி பெய்த நாள்’. பீட்டர் என்னும் கறுப்பினச் சிறுவன் பனியில் விளையாடுகின்றான். ஒரு பனியுருண்டையைச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டு வீடு திரும்புகின்றான். அஃது உருகிப் போனமை கண்டு வருந்துகின்றான். இதுவே கதை. அவன் நிறத்தைப் பற்றி நூலில் ஒரு சொல்லும் இல்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் உரிய மகிழ்ச்சி அவனுக்கும் உரியது என்பதை வாதித்து நிறுவாது, படத்திற் காட்டி அமைந்தார் ஆசிரியர். ரூடின் சிம்ஸ் பிஷப் என்னும் பேராசிரியை 1990-இல், குழந்தைக்கு நூலானது தன்னைக் காணும் கண்ணாடியாகவும் பிறரைக் காணும் பலகணியாகவும் அமையவேண்டும் என்று உரைத்தமை இதற்குப் பொருந்தும்.

மூன்றாவதாகிய உள்ளப்புண் ஆறுதற்கு, ஆங்கிலக் கவிஞர் மைக்கேல் ரோசன் 2004-இல் எழுதிய ‘துயர நூல்’ தக்க சான்று. அவர்தம் மகன் 1999-இல் பதினெட்டு வயதில் மூளையுறை அழற்சி நோயால் இறந்தான். அத்துயரைக் குழந்தைகளும் உணருமாறு அவர் எழுத, குவென்டின் பிளேக் படம் வரைந்தார். முதற்படத்தில் தந்தை பல் தெரியச் சிரிக்கின்றார். அச்சிரிப்பு நடிப்பே என்பதை அருகிலுள்ள சொற்கள் தெரிவிக்கின்றன. நூல் முழுதும் துயர் ஒழிந்துவிடும் என்ற உறுதிமொழி எங்குமில்லை. கடைசிப் படத்தில் ஒரு மெழுகுவர்த்தியின் ஒளியில் அவர் தனியே அமர்ந்துள்ளார். ஆங்குச் சொல்லே இல்லை.

இத்தகைய சோகத்தைக் குழந்தைக்குக் காட்டலாமோ என்று சிலர் ஐயுறுவர். ஐயம் நேர்மையானதே. ஆயின், நாம் காட்டாவிடினும் துயரம் குழந்தையின் வீட்டிற்கு வாராது நிற்குமோ? பெயரிடப்படாத துன்பமே குழந்தையை மிகவும் அச்சுறுத்துவது. பெரியவரும் இங்ஙனம் அழுவர், அழுதபின்னும் நடமாடுவர் என்று அறிதலே அதற்கு ஆறுதலின் தொடக்கம். உடைந்த எலும்பினை மருந்து ஒட்டுவதில்லை. அசையாது கட்டி வைத்தால் அது தானே கூடும். நல்ல நூலும் அக்கட்டினைப் போல்வது.

மேற்கூறிய நூல்கள் அனைத்திற்கும் பொதுவாகிய இயல்பு ஒன்றுண்டு. இவற்றுள் எதுவும் இறுதியில் ‘ஆதலால் இங்ஙனம் செய்க’ என விதித்து முடிவதில்லை. நம் முன்னோர் இளையோர்க்கு இயற்றிய நீதிநூல்கள் சுருங்கிய கட்டளைகளாய் அமைந்து மனத்திற் பதிவன. அவற்றின் பயனை யாம் குறைத்துரையோம். விதி, செய்யத்தக்கது இன்னதெனச் சொல்லும். கதையோ, செய்யாதொழிந்தால் ஒருவருக்கு நேர்வது இன்னதென அவர் நெஞ்சினுள் நின்று காட்டும். குழந்தைக்கு இரண்டும் வேண்டும்.

நூல்கள் பசி தீர்க்கா. இடிந்த வீட்டையும் எழுப்பா. இதனை லெப்மன் அம்மையார் நம்மினும் நன்கறிவார். அறிந்தே நூல்களைத் தேடினார். நம்முள் பலர் நாளை ஆசிரியராவர், பலர் பெற்றோராவர். வகுப்பின் கடைசிப் பலகையில் வாய் திறவாது அமர்ந்திருக்கும் குழந்தைக்கு ஒரு நூலையும், அதன் அருகில் அமர்ந்திருக்கும் குழந்தைக்கு அதே நூலையும் தேர்ந்து கொடுப்பது நம்மால் ஆகாத செயலன்று. எமக்கு அந்நூல் பத்தாண்டு தாழ்த்து வந்தது. பிறர்க்கேனும் உரிய காலத்தில் சென்று சேர்வதாக!