"ஒருத்தருக்கும் சொல்லாதே" என்று தோழி கேட்டால்

"நான் இல்லாட்டி உம்மாக்கு நிம்மதி." உயர்தரப் பரீட்சை நெருங்கும்போது இப்படியொரு பேச்சை நம்மில் பலர் கேட்டிருப்போம். கோபத்தில் வந்த சொல்லென்று விட்டுவிடுகிறோம். சாகப்போவதாகச் சொல்பவர் அப்படிச் செய்யமாட்டார் என்பது பிழையான நம்பிக்கை. உறக்கம் கெடுவது, கூட்டாளிகளை விட்டு ஒதுங்குவது, பிரியமான பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது ஆகியவையும் சேர்ந்தால் கூடுதல் கவனம் தேவை.

அவளிடம் நேராகவே கேட்கலாம்: "சாக வேணும் என்று நினைக்கிறியா?" கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. மாறாக, அடைத்து வைத்ததைச் சொல்ல அவளுக்கு ஒரு வழி கிடைக்கிறது.

அவள் "ஓம்" என்றால்? நம் வாயில் முதலில் வருவது "அது ஹராம்" என்பதுதான். அது அவளுக்கும் தெரியும். அந்த நேரத்தில் அதைச் சொன்னால் அவள் வாயை மூடிக்கொள்வாள், அவ்வளவே. நோய்க்கு மருந்து தேடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. மனதின் நோயும் நோய்தான்.

கடினமான இடம் இனித்தான் வருகிறது. "ஒருத்தருக்கும் சொல்லாதே" என்பாள். இரகசியம் அமானிதம் அல்லவா? நான் இதைப் பல நாள் யோசித்தேன். களவு கொடுக்காமல் காக்க வேண்டிய அமானிதம் இங்கே அவளுடைய உயிர். ஆகவே அந்த வாக்கைக் கொடுக்கக்கூடாது. "இதை நான் தனியாக வைத்திருக்க ஏலாது, வா, ரெண்டு பேருமாக டீச்சரிடம் போவோம்" என்று அவளுக்கே சொல்லிவிட்டுச் செய்யலாம். பெரியவர் ஒருவர் வரும்வரை அவளைத் தனியே விடக்கூடாது.

பெற்றோருக்கும் ஒன்று. 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். கொடிய நச்சுள்ள பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்ட பின், 20 ஆண்டுகளுக்குள் அது பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்துக்குரியது. ஆபத்தானது கைக்கு எட்டாவிட்டால் உயிர் தப்புகிறது. வீட்டு மருந்துகளை அலுமாரியில் பூட்டி வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

பொலிஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கவும் வேண்டாம். தற்கொலை முயற்சி 1998 முதல் இங்கே குற்றமல்ல. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் பேசலாம். ஊரார் என்ன சொல்வார்கள், கலியாணம் எப்படி அமையும் என்ற கவலையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அவள் வகுப்புக்குத் திரும்பும் நாளில் சுற்றிநின்று விசாரிக்காதீர்கள். வழமையான இடத்தை விட்டுவைத்து, தவறிய பாடங்களின் கொப்பியைக் கொடுங்கள். இடைவேளையில் சாப்பாட்டைப் பகிருங்கள். அடுத்த கிழமையும், அதற்கடுத்த கிழமையும் அப்படியே.