மின்நூலுக்கும் வரிசை உண்டா?

அம்பத்தூரிலோ ஆவடியிலோ கிளை நூலகத்தில் நாம் தேடும் நூலுக்கு ஒரு படியே இருப்பின், அதனை இரவல் பெற்றவர் திருப்பித் தரும்வரை காத்திருக்கிறோம். அச்சு நூலுக்கு இஃது இயல்பு. நொடியில் ஆயிரம் படிகளாகப் பெருகவல்ல மின்நூலுக்கும் காத்திருப்போர் வரிசை எதற்கு?

தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரில், தேசிய நூலக வாரியம் 'லிப்பி' என்னும் செயலி வழியாக மின்நூல்களை இரவல் தருகிறது. அங்கு நூலகம் விலைகொடுத்துப் பெறுவது நூலையன்று. அதனை வழங்கும் உரிமத்தையே. பெரும்பாலும் ஓர் உரிமத்திற்கு ஒரு நேரத்தில் ஒரு வாசகரே படிக்கலாம். தவணை 21 நாள். அது முடிந்ததும் நூல் தானே திரும்பிவிடும். தண்டத்தொகை என்ற பேச்சே இல்லை. ஆயினும், 5 உரிமங்களுக்கு 50 பேர் பதிந்து காத்திருப்பதாகக் கொள்வோம். இறுதியில் நிற்பவர் பத்துத் தவணை, அதாவது ஏறத்தாழ ஏழு மாதம் பொறுக்க நேரும். படித்து முடித்தவர் முன்னதாகவே திருப்பினால்தான் வரிசை விரைந்து நகரும். முறை வந்தும் படிக்க ஓய்வில்லாதவர், தம் இடத்தை இழக்காமலே அடுத்தவருக்கு வழிவிடலாம். தேர்வுக் காலத்தில் இவ்வசதி எத்துணைப் பயன்படும்!

வரிசையே இல்லாத மின்நூல்களும் உண்டு. நம் நாட்டில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்தபின் பதிப்புரிமை நீங்குகிறது. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களுக்கும் தடையில்லை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நூலகத்தில் கிட்டாதவர், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் அதனை உடனே படிக்கலாம். ஆனால், வாழும் எழுத்தாளரின் புதிய நூல் அங்கே கிட்டாது. அவருக்குரிய ஊதியம் நூலகம் செலுத்தும் அவ்வுரிமத் தொகையில் அடங்கியிருக்கிறது.