வயிற்றில் கொஞ்சம் இடம் வைப்போம்



ஜப்பான் நாட்டில் ஒகினாவா என்று ஒரு தீவு. நூறு வயது தாண்டியவர்கள் நிறைய பேர் வாழ்ந்த இடம். அங்கே பெரியவர்கள் சாப்பிடும் முன் "ஹரா ஹச்சி பு" என்பார்கள். வயிறு பத்துப் பங்கு என்றால் எட்டுப் பங்கு போதும் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் அவர்களுக்கு முக்கிய உணவு சர்க்கரைவள்ளிக் கிழங்குதான்!

ஏன் எட்டு? வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர சுமார் 20 நிமிடம் ஆகும். அவசரமா அள்ளிப் போட்டால் அதற்குள் அளவு மீறிவிடும்.

ஆனால் ஒன்று. குறைவா சாப்பிடுறதுன்னா பட்டினி கிடக்கிறது இல்லை. நாம் வளர்கிற பிள்ளைகள். வெறும் வயிற்றோடு வந்து பிரேயரில் மயங்கி விழுந்தால் ஆயுளா கூடும்? கடைசியில் மிச்சத்தை மட்டும் சாப்பிடும் அம்மாவுக்கும் இந்த எட்டுப் பங்கு கணக்கு கிடையாது. அவங்களுக்கு முதலில் எட்டுப் பங்கு கிடைக்கணும்.

மெதுவா மென்று சாப்பிடுவோம். போதும்னு தோணும்போதே எழுந்திடுவோம்.