ஜபமாலை உருளும் வேகமும் இதயத் துடிப்பும்!

ஜபம் முடித்து எழுந்ததும் மனசு லேசாகிவிடுகிறதே, கவனித்திருக்கிறீர்களா? பூஜையறைக்குள் நுழையும்போது இருந்த படபடப்பு, வெளியே வரும்போது பாதியாகக் குறைந்திருக்கும். 'எல்லாவற்றையும் அம்பாளிடம் சொல்லிவிட்ட நிம்மதி' என்பீர்கள். நிஜம்தான். அதே நேரத்தில் உடம்புக்குள்ளும் ஒரு மாற்றம் நடக்கிறது. அதை இத்தாலி நாட்டு மருத்துவர்கள் கருவி வைத்து அளந்தே பார்த்துவிட்டார்கள்!

பவியா பல்கலைக்கழகத்தின் டாக்டர் லூசியானோ பெர்னார்டி தலைமையில் நடந்த அந்த ஆய்வு, 2001 டிசம்பரில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வெளிவந்தது. ஆரோக்கியமான 23 பேரை உட்காரவைத்து, கிறிஸ்தவர்கள் ஜெபமாலை உருட்டிச் சொல்லும் 'ஆவே மரியா'வை லத்தீனில் சொல்லச் சொன்னார்கள். பிறகு திபெத்திய பௌத்தர்களின் 'ஓம் மணி பத்மே' மந்திரம். இதயத் துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம், மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் ஆகியவற்றைக் கருவிகள் பதிவு செய்துகொண்டே இருந்தன.

மொழி வேறு, மதம் வேறு. முடிவு மட்டும் ஒன்றுதான்! இரண்டையுமே ஒருமுறை சொல்லி மூச்சு வாங்க ஏறக்குறைய பத்து விநாடி ஆனது. அதாவது, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. சாதாரணமாக நாம் விடுவதில் இது பாதிகூட இல்லை.

பத்து விநாடியில் என்ன விசேஷம்? நம் ரத்த அழுத்தம் ஒரே அளவில் நிற்பதில்லை. கிட்டத்தட்ட பத்து விநாடிக்கு ஒருமுறை அலைபோல் லேசாக ஏறி இறங்கும். மூச்சும் அதே தாளத்துக்கு வந்துவிட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன. ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் வீச்சு கூடுகிறதல்லவா, அதுபோல!

கழுத்து ரத்தக்குழாயின் சுவரில் நுண்ணிய நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் மூளைக்குச் சேதி சொல்லி, இதயத்தைக் கொஞ்சம் நிதானிக்க வைப்பது இவற்றின் வேலை. இந்தக் காவல் எவ்வளவு விழிப்பாக இருக்கிறது என்பதற்கு ஓர் அளவு உண்டு. 9.5 ஆக இருந்த அந்த அளவு, ஜபத்தின்போது 11.5 ஆக உயர்ந்தது.

இன்னொரு சுவாரஸ்யம். ஐரோப்பாவுக்கு ஜெபமாலை போனது சிலுவைப் போர் வீரர்கள் மூலம், அவர்களுக்கு அரபியரிடமிருந்து, அரபியருக்கோ திபெத்தியத் துறவிகளிடமும் இந்திய யோகிகளிடமும் இருந்து என்று அந்த ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

'அப்படியானால் எல்லாம் மூச்சின் வேலைதானா, மந்திரத்துக்கு மகிமை இல்லையா?' என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும். கருவி அளப்பது மூச்சையும் ரத்தத்தையும்தான். பக்தியை அளக்க அதில் முள் கிடையாது! ஆனால் ஒன்று... குக்கர் விசிலுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு, 108-ஐ ஓட்டமாக ஓட்டி முடிப்பதில் இந்தப் பலன் கிடைக்காது. லலிதா சகஸ்ரநாமத்தை அவசரப்படாமல் சொன்னால் அரை மணி நேரம் ஆகும். சுலோகங்கள் 182-க்குச் சற்று அதிகம். வகுத்துப் பாருங்கள், ஒரு சுலோகத்துக்குப் பத்து விநாடி! இது என் கணக்குதான், ஆய்வில் சோதித்ததல்ல. என்றாலும், சுலோகத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்கிச் சொல்லிப் பாருங்களேன். மூச்சை வலிய அடக்க வேண்டாம். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

2005-ல் இதே பெர்னார்டியின் குழு, ரத்தக் கொதிப்பு உள்ள 20 பேரை நிமிடத்துக்கு ஆறு மூச்சு விடவைத்தது. மேல் அளவு சராசரியாக 150-லிருந்து 141-க்கு இறங்கியது. நல்ல இறக்கம்தான். ஆனால், அப்படி மூச்சு விட்ட அந்தச் சில நிமிடங்களில் அளந்த கணக்கு அது என்பதை மறந்துவிடாதீர்கள்.

உடம்பைத் தொடாமலே, உள்ளங்கையால் 'சக்தி' பாய்ச்சிக் குணமாக்குகிறோம் என்பவர்கள் கதை வேறு. அமெரிக்காவில் இப்படிச் சிகிச்சை தந்த 21 பேரை, எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுச் சிறுமி தன் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகச் சோதித்தாள். தடுப்புக்குப் பின்னாலிருந்து அவர்கள் இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும். ஏதாவது ஒரு கைக்கு மேலே எமிலி தன் கையைக் காட்டுவாள். எந்தக் கை என்று அவர்கள் உணர்ந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 280 முறையில் சரியாகச் சொன்னது 123 முறை. குருட்டாம்போக்கில் சொன்னாலே பாதி சரியாக இருக்குமே! 1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழிலேயே இது வெளியானது. அப்போது எமிலிக்குப் பதினொரு வயது.

ஆகவே சகோதரிகளே, 'பத்து நாள் வகுப்புக்கு வாருங்கள், பி.பி. மாத்திரையைத் தூக்கி எறியுங்கள்' என்று யாராவது சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் மளமளவென ஏறி, பக்கவாதம் வரைகூடப் போகலாம். ஜபம் தொடங்கி, சில மாதங்களில் அளவு குறைந்தே காட்டினாலும், மாத்திரையைக் குறைப்பதா வேண்டாமா என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். வாரம் இரண்டு முறை அளந்து, பஞ்சாங்கக் காலண்டரில் அந்தத் தேதிக்குப் பக்கத்திலேயே குறித்துவையுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அதையே கொண்டுபோய்க் காட்டலாம்.