பட்டாசு விளம்பரமும் எங்கள் பாதயாத்திரைக் குழுவும்

இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு ஆடி கடைசி வெள்ளியை ஒட்டி நடந்து வருகிறவர்களுக்காக நாங்கள் சிலர் ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறோம். தண்ணீர்ப் பந்தல் எங்கே, சாத்தூர் போக ராத்திரி பஸ் உண்டா என்பதுதான் அதில் பேச்சு. ஆடிப்பெருக்கன்று சிவகாசிக் கடைகளில் பூஜை போட்டு தீபாவளி வியாபாரத்தைத் தொடங்குவார்கள். அப்போதிருந்து குழுவில் முகம் தெரியாத எண்களிலிருந்து பட்டாசு விளம்பரம் கொட்டும்.

விளம்பரம் போடுகிறவர்களோடு மல்லுக்கு நிற்பது வீண். பதில் எழுதினால் விளம்பரத்தை இன்னும் பத்துப் பேர் திறந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான். அட்மின் அதை எல்லோருடைய போனிலிருந்தும் அழித்துவிடலாம். ஆளை வெளியேற்றினால் மட்டும் போதாது. குழுவில் சேரும் பழைய லிங்க் ஊரெல்லாம் சுற்றுவதால் வேறு எண்ணில் திரும்ப வருவார். லிங்க்கையும் மாற்றுங்கள். அட்மின் ஒப்புக்கொண்டால்தான் புதியவர் சேர முடியும் என்று வைத்த பிறகு எங்கள் குழுவில் தொல்லை பெருமளவு அடங்கியது. ‘அட்மின் மட்டும் எழுதலாம்’ என்று பூட்டிவிடச் சொன்னவர்களும் உண்டு. நான் சம்மதிக்கவில்லை. நடுவழியில் கால் வீங்கி உட்கார்ந்திருப்பவர் பிறகு யாரிடம் கேட்பார்?

இந்த விளம்பரங்களில் எது மோசடி என்று பிரிப்பதுதான் பெரிய வேலை. கோயம்புத்தூரிலிருந்து சித்தப்பா கேட்பார்: “ஏப்பா, 80 சதவீதம் தள்ளுபடின்னு போட்டிருக்கான், இப்படி ஒரு கடை நெசமாவே இருக்கா?” தள்ளுபடியை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சிவகாசியில் நாணயமான கடைக்காரரும் பட்டியலில் விலையை ஏற்றிப் போட்டுத்தான் 80 சதவீதம் கழிப்பார். பணம் வாங்கும் விதத்தைப் பாருங்கள். இணைய வணிகத் தளங்கள் பட்டாசு விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உத்தரவிட்டது. அதனால் இங்குள்ள கடைகள் பலவும் தளத்தில் விலைப்பட்டியலை மட்டும் வைத்து, தேவையைக் குறித்துக்கொண்டு, போனில் பேசி, லாரி ஆபீஸில் பெட்டியைப் போட்டு ரசீது அனுப்பும். தளத்திலேயே முழுப் பணத்தையும் கட்டு என்று அவசரப்படுத்தினால் ஒதுங்கிவிடுங்கள். கடை முகவரியும் உரிம எண்ணும் கேட்டால் மழுப்புகிறவரிடமும் வாங்காதீர்கள்.

எஸ்எம்எஸ்ஸாகவும் போன் அழைப்பாகவும் வரும் விளம்பரங்களுக்கு 1909-இல் புகார் செய்யலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025-இல் திருத்திய விதிப்படி, விளம்பரம் வந்ததிலிருந்து 7 நாள் அவகாசம் உண்டு. முன்பு 3 நாள்தான். வாட்ஸ்அப்பில் மோசடி என்று சந்தேகம் வந்தால் சஞ்சார் சாத்தி தளத்தில் ‘சக்ஷு’ பகுதி இருக்கிறது. ஆனால் பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் அங்கே நேரத்தைக் கடத்தாமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள்.