அரை மாத்திரையும் பூனைக்கு ஆபத்து: ஏன்?

மாணவர்களே, காய்ச்சல் வந்தால் நாம் ஒரு பாராசிட்டமால் மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்துக்கொள்கிறோம். வீட்டுப் பூனை சோர்ந்து கிடந்தால், “அதற்கும் கொஞ்சம் கொடுத்தால் என்ன? சின்ன உடம்புதானே, அரை மாத்திரை போதும்” என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த அரை மாத்திரை பூனையின் உயிரையே பறித்துவிடலாம். காரணம் என்ன? கணிதம், உயிரியல், வேதியியல் மூன்றையும் சேர்த்துப் பார்ப்போம்.

எடைக் கணக்கு

மருந்தின் அளவை மருத்துவர்கள் உடல் எடையை வைத்துக் கணக்கிடுவார்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைச் சாப்பிட்டால், ஒரு கிலோவுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 8.3 மில்லிகிராம். 4 கிலோ பூனைக்கு அதில் பாதியைக் கொடுத்தால் 250 ÷ 4 = 62.5 மில்லிகிராம். மனிதருக்குக் கிடைப்பதைப் போல் ஏழு மடங்குக்கும் மேல்!

அப்படியானால் எடைக்கேற்பக் குறைத்து, 33 மில்லிகிராம் மட்டும் கொடுக்கலாமா? அதுவும் கூடாது. கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற சிறிய அளவே பூனைகளில் நச்சுத்தன்மையை உண்டாக்கியிருக்கிறது. ஆகவே, எடை மட்டும் இங்கே காரணமில்லை.

கல்லீரலில் இல்லாத கருவி

உடலுக்குள் போன மருந்து தன் வேலையை முடித்தபின் வெளியேற வேண்டும். அதற்குக் கல்லீரல் ஒரு வழி வைத்திருக்கிறது. மருந்து மூலக்கூறோடு குளுகுரோனிக் அமிலம் என்ற, சர்க்கரையிலிருந்து உண்டாகும் பொருளை இணைத்துவிடும். இணைந்த பொருள் நீரில் எளிதாகக் கரைந்து சிறுநீரோடு போய்விடும். இந்த இணைப்பைச் செய்வது ஒரு வகை நொதி (என்சைம்).

பூனையிடம் பாராசிட்டமாலுக்கு உரிய அந்த நொதி இல்லை. அதை உருவாக்க வேண்டிய யுஜிடி1ஏ6 என்ற மரபணு பூனையில் பழுதடைந்து, செயலற்றுக் கிடக்கிறது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் இதை வெளியிட்டனர். வீட்டுப் பூனை மட்டுமன்று, பூனைக் குடும்பத்தின் காட்டு விலங்குகளிலும் இதே பழுது இருப்பதை 2011-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. தாவரங்களில் இயற்கையாகவே பலவகை நச்சுகள் உண்டு. இறைச்சியை மட்டுமே உண்ணும் விலங்குக்கு அவற்றை அகற்றும் கருவி அவ்வளவாகத் தேவைப்படவில்லை. அதனால் மரபணு பழுதானபோதும் அவ்வினம் பிழைத்துக்கொண்டது என்பது ஆய்வாளர்களின் கருத்து.

இரத்தத்தில் நடப்பது

வெளியேற வழியில்லாத பாராசிட்டமால் பூனையின் உடலில் வேறு பாதைகளில் சென்று நச்சுப் பொருள்களாக மாறுகிறது. அவற்றை அடக்கும் குளுட்டதயோன் விரைவில் தீர்ந்துவிடும். பிறகு செவ்வணுக்கள் தாக்கப்படுகின்றன. ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு, இரும்பு(II) அயனியிலிருந்து இரும்பு(III) அயனியாக ஆக்சிஜனேற்றம் அடைகிறது. இப்படி மாறிய ஹீமோகுளோபினால் உயிர்வளியைச் சுமக்க முடியாது. பூனை மூச்சு வாங்கும். ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும். முகமும் பாதங்களும் வீங்கும். சில மணி நேரத்திலேயே இவை தெரியத் தொடங்கலாம்.

எத்தனை மணிக்கு ஒருமுறை?

மருந்தில் அளவு மட்டுமல்ல, இடைவெளியும் முக்கியம். உடலிலுள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரமே அதன் ‘அரை ஆயுள்’. ஆஸ்பிரினின் அரை ஆயுள் நாயின் உடலில் ஏறக்குறைய 8 மணி நேரம். பூனையில் ஏறக்குறைய 38 மணி நேரம். கொடுக்கும் அளவைப் பொறுத்து இது மாறும்.

இப்போது கணக்கிடுங்கள். 24 மணி நேரத்தில் நாயின் உடலில் மருந்து மூன்று முறை பாதியாகும். எஞ்சுவது எட்டில் ஒரு பங்கு. பூனையின் உடலிலோ 65 விழுக்காடு அப்படியே இருக்கும். மறுநாளும் அதே அளவைக் கொடுத்தால், முதல் நாள் 100 பங்காக இருந்தது 165 ஆகும். மூன்றாம் நாள் 200-ஐத் தாண்டிவிடும். இதனால்தான், இரத்தம் உறையாமல் தடுக்கப் பூனைக்கு ஆஸ்பிரின் தேவைப்பட்டால், கால்நடை மருத்துவர்கள் மிகச் சிறிய அளவை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மட்டுமே கொடுக்கச் சொல்வார்கள்.

நாயின் மருந்து பூனைக்கு ஆகுமா?

ஆகாது. நாயின் முதுகில் விடும் சில உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாய் அதைத் தாங்கும். பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வந்து, உயிரும் போகலாம். அதேபோல, நாயிடம் அந்த நொதி இருக்கிறது என்பதற்காக நம் வலி மாத்திரைகளை அதற்குக் கொடுத்துவிடக் கூடாது. பாராசிட்டமால் அளவு மீறினால் நாயின் கல்லீரல் கெடும்; ஐபுப்ரோஃபென் அதன் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

பூனை மாத்திரையைத் தின்றுவிட்டால்

அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பால் ஊற்றுவதோ, நீங்களாக வாந்தி எடுக்க வைப்பதோ வேண்டாம். மாத்திரை உறையைக் கையில் எடுத்துக்கொண்டு, பெரியவர்களுடன் உடனே கால்நடை கிளினிக்குக்குச் செல்லுங்கள். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு, பூனையின் எடை என்ன என்ற நான்கையும் சொல்லுங்கள். குளுட்டதயோனை மீண்டும் உருவாக்க உதவும் அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. விரைவில் கொடுத்தால் பூனை பிழைக்க வாய்ப்பு அதிகம்.

சிந்தித்து விடை காண்க

1. 3 கிலோ பூனை 500 மில்லிகிராம் மாத்திரையில் கால் பகுதியைத் தின்றுவிட்டது. ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம்?
2. ஒரு மருந்தின் அரை ஆயுள் 12 மணி நேரம். இரண்டு நாள் கழித்து எத்தனை விழுக்காடு எஞ்சியிருக்கும்?

விடைகள்: 1) ஏறக்குறைய 42 மில்லிகிராம். 2) 6.25 விழுக்காடு.