குழந்தைக்கு அறுவை சிகிச்சையா?

மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உணவு இருந்தால், அது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். பட்டினி போடச் சொல்வது அதனால்தான். பொதுவாக இட்லி, பிஸ்கட், பசும்பால், புட்டிப்பால் எல்லாம் 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தப்படும். தாய்ப்பால் 4 மணி நேரம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம். மருத்துவமனை வேறு நேரம் சொன்னால் அதுவே கணக்கு. பாட்டி பரிதாபப்பட்டு ஊட்டும் இரண்டு வாய் பாலால் அறுவை சிகிச்சையே தள்ளிப்போவதுண்டு.

சளி, காய்ச்சல், ஆடும் பல், மருந்து ஒவ்வாமை இருந்தால் மயக்க மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. கொலுசு, வெள்ளி அரைஞாண், தாயத்து வீட்டிலேயே கழற்றப்பட வேண்டும். நகப்பூச்சும் கூடாது, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியின் அளவை அது குழப்பும்.

3, 4 வயதுக் குழந்தையிடம் அறுவை சிகிச்சை பற்றி ஓரிரு நாள் முன்பு சொன்னால் போதும். “வலிக்கவே வலிக்காது” என்ற பொய் மட்டும் வேண்டாம். வலித்தால் மருந்து தருவார்கள் என்பதே சரியான பதில்.